டெக் போட்டுப் பெண் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

அன்று எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நைனா. கதவோரம் நின்றார். கடைசி வரை உட்காரவில்லை.

அம்மா. அடுப்பங்கரையில் பாதி, வெளியே பாதி.

தரகர். கல்யாணத் தரகர். வாயில் எப்போதும் வெற்றிலை.

மாப்பிள்ளை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை.

மாப்பிள்ளையின் அம்மா. மண்ணூர்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்.

மாப்பிள்ளையின் அக்கா. கல்யாணமானவர்.

டெக்காரர். கரையான்சாவடி வாடகைக் கடையிலிருந்து டி.வி.யும் வீடியோ டெக்கும் கொண்டு வந்தவர். சாமானை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார்.

பிறகு நான்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள். நடக்கச் சொல்வார்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள் படம் போட்டுப் பார்க்க வந்தார்கள். அந்தப் படத்தில் வரும் பிள்ளை நான்தானா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் என்றால் சம்பந்தம் பேசலாம். இல்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள்.

அதற்கு முன் இரண்டு இடம் வந்து போயிருந்தது. முதல் இடத்தில், சினிமாவில் இருந்த பெண் வேண்டாம் என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில், ஏழு வருஷம் பையனாகவே இருந்தவளுக்குப் பிள்ளை பிறக்குமா என்று கேட்டார்கள். நைனா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்றாவதும் போனால் நான்காவது இடம் அவர் தேட மாட்டார். அது எனக்குத் தெரியும். எனக்கு அப்போது இருபது வயது.

பையனாக இருந்தேன் என்பது உண்மை. அதைச் சொல்கிறேன்.

பாரிவாக்கம் ஏரிக்கரையில் எங்கள் வீடு. நைனா அப்போது வயல் கூலி. எனக்கு ஐந்து வயது, பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் ஷூட்டிங் என்று ஊரே போய் நின்றது. நானும் நின்றேன். நடிக்க வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் அங்கே நின்ற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். வெள்ளித் தாள் ஒட்டிய பலகையைத் தூக்கி, வெயிலை எங்கள் முகத்தில் அடித்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. பலகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

“இத்த இட்டுகினு வா” என்றார் மேனேஜர்.

“சார், அது பொண்ணு.”

“முடிய வெட்டுனா பையன்.”

மேக்கப்காரர் வெட்டினார். இரட்டைப் பின்னல். அம்மா களத்து வேலையிலிருந்து ஓடி வந்தாள்.

“எவன்டா எம் பொண்ணு முடியில கைய வச்சவன்?”

“முடி வளரும்மா. சான்சு வளராது” என்றார் மேனேஜர்.

அம்மா திட்டிக்கொண்டே இரண்டு பின்னலையும் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஷூட்டிங் பார்த்தாள். சாயங்காலம் அவளுக்கும் ஒரு டீ கொடுத்தார்கள்.

பையன் என்றால் பெயருக்கு முன்னால் மாஸ்டர். பெண் என்றால் பேபி. அது சினிமா வழக்கம். எனக்கு மாஸ்டர் போட்டார்கள். பெயரும் அவர்களே வைத்தார்கள். நைனா வைத்த பெயர் எந்தப் படத்திலும் வரவில்லை.

அந்தப் படம் ஓடியது. அதில் செத்துப்போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுவேன். அதைப் பார்த்துவிட்டு மற்ற கம்பெனிக்காரர்களும் கூப்பிட்டார்கள். முடியை வளரவிடாதே என்று சொல்லிவைத்தார்கள். ஏழு வருஷம் வளரவில்லை.

விடியற்காலையில் கரையான்சாவடி முனையில் போய் நிற்போம், நானும் அம்மாவும். கம்பெனி வேன் வரும். ஸ்டூடியோவில் வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது, நேரம் தெரியாது. இட்லி வந்தால் காலை. சாம்பார் சாதம் வந்தால் மதியம். பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருப்பேன். நடிப்பு என்பது உட்கார்ந்திருப்பது. கூப்பிடும்போது எழுந்து போவது.

ஹீரோவின் சின்ன வயது வேஷம் நிறைய வந்தது. ஓடச் சொல்வார்கள். ஓடுவேன். முகத்தைக் காட்டிவிட்டுக் காலைக் காட்டுவார்கள். ஓடும்போதே கால் பெரிய காலாகிவிடும். அதோடு என் வேலை முடிந்தது. அந்தக் கால் எப்படிப் பெரிதாகிறது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. என் காலை அடிக்கடி பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்றும் தெரியாமல் இருந்தது. தியேட்டரில் என் படம் பார்த்தபோது, என் வாயிலிருந்து வேறு யாரோ பேசினார்கள். பூப்போன்ற குரல். என் குரல் அப்படி இருக்காது. எனக்குத் தொண்டை கட்டின குரல், அப்போதும் இப்போதும். அம்மாவிடம் கேட்டேன். “மிஷின்ல போட்டா அப்டி மாறிடும் போல கீது” என்றாள்.

ஒரு தரம் டப்பிங் தியேட்டருக்கு ஏதோ கையெழுத்து வாங்க அம்மாவைக் கூட்டிப்போனார்கள். நானும் போனேன். இருட்டு அறை. திரையில் நான் ஓடுகிறேன். மைக் முன்னால் அம்மா வயதில் ஒருத்தர், பிளாஸ்க்கும் கையுமாக நிற்கிறார். திரையில் என் வாய் திறந்ததும் அவர் பேசினார். என் குரல், அதாவது படத்தில் வரும் என் குரல், அவர் கழுத்திலிருந்து வந்தது. பக்கத்தில் போய் அவர் தொண்டையையே பார்த்தேன்.

“இன்னா பாக்குறே?” என்றார். அவருடைய சொந்தக் குரல் கனமாக இருந்தது.

“அது எங்க கீது?”

அவர் சிரித்தார். என் கையைப் பிடித்துத் தொண்டையில் வைத்துக்கொண்டு, “அம்மா” என்றார் சின்னக் குரலில். விரலில் ஒரு துடிப்பு தெரிந்தது. பூனை வயிற்றில் கை வைத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் அங்கே பார்த்தது.

பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. அதிலும் பாதி நாள் போனதில்லை. நான் எழுதுவதில் பிழை இருந்தால் அதுதான் காரணம்.

பன்னிரண்டு வயதில் ஒரு செட்டில் ஹீரோ பக்கத்தில் என்னை நிறுத்திப் பார்த்தார்கள். அவர் மார்பைத் தாண்டி என் தலை போய்விட்டது. மேனேஜர் பார்த்தார். டைரக்டர் பார்த்தார். அதற்குப் பிறகு வேன் வரவில்லை. மூன்று நாள் முனையில் போய் நின்றோம். நான்காம் நாள் அம்மா என்னை எழுப்பவில்லை.

முடி வளர்ந்தது. அதனால் ஒரு சௌகரியம். எங்கள் ஊரைத் தாண்டினால் தெருவில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. ஞாபகம் இருந்தவர்கள் பையனைத் தேடினார்கள். நான் மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். ரப்பர் கேஸ்கெட்டில் பிசிறு வெட்டுகிற வேலை. நன்றாகச் செய்தேன். கூட இருந்த பெண்களிடம் சினிமாவைப் பற்றிச் சொன்னதில்லை. நைனாவும் சொல்ல வேண்டாம் என்றார்.

இந்த இடத்தில் தரகர்தான் சொல்லிவிட்டார். அவர் பேரில் தப்பில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் முதல் படத்தைப் பற்றி ஏதோ பேசியிருக்கிறார். தரகர் உடனே, “அந்தப் புள்ளயே உங்களுக்கு மருமகளா வந்தா இன்னா சொல்றீங்க?” என்றிருக்கிறார். அதை வைத்துச் சம்பந்தம் முடித்துவிடலாம் என்று நினைத்தார். அந்தம்மா நம்பவில்லை. அதனால்தான் டெக்.

டெக்காரர் வயரை மாட்டினார். கரண்ட் குறைவாக இருந்தது. படம் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி தெரிந்தது. டி.வி. தலையில் இரண்டு தட்டு தட்டினார். சரியானது.

எழுத்து ஓடியது. அந்தம்மா டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். விரலை நீட்டினார்.

“தோ பாரு. மாஸ்டர்னு போட்டுகீது. பேபின்னா போட்டான்? பையன்தானே அது?”

“பையன் வேஷம்மா. பேரும் வேஷம்” என்றார் தரகர்.

“நீ வெத்தலைய மெல்லு. நான் அந்தப் பொண்ணாண்ட கேக்குறேன்.”

“நான்தாங்க அது” என்றேன்.

அந்தம்மா திரும்பி என் மூக்கைப் பார்த்தார். காதைப் பார்த்தார். மறுபடி டி.வி.யைப் பார்த்தார். படத்தில் நான் ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மண் அப்பிய முகம். என்னைக் கேட்டால் எனக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

படம் முழுக்க அந்தம்மாவுக்கு மனப்பாடம். வசனம் வரும் முன்னே அவர் உதடு அசைந்தது. அவர் மகள் என் அம்மாவிடம் மெல்லச் சொன்னார். “எங்க நைனா செத்த வருசம் வந்த படம். ஊட்ல நாங்க சின்னப் புள்ளைங்க. எங்க எதுர்ல அழுவ மாட்டாங்க. அம்பத்தூர்ல தேட்டருக்குப் போய் அழுதுட்டு வந்து சோறாக்குவாங்க. எட்டு தபா போனாங்க.”

“ஒம்போது” என்றார் அந்தம்மா, திரும்பாமல்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவருக்கு மருமகள் சினிமாக்காரியா என்பதில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி யாரும் அவரை ஏமாற்றிவிடக் கூடாது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை. நான் பேசும்போதெல்லாம் என் வாயைப் பார்த்தார். அம்மா பேசினால் அம்மாவின் வாயை. தரகர் பேசினால் வெற்றிலை வாயை. இவர் ஏன் எல்லோர் வாயையும் பார்க்கிறார் என்று எனக்குள் ஒரு கேள்வி.

படத்தில் அம்மா செத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். நீ எழுந்தால்தான் சாப்பிடுவேன், விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது, ஆட்டுக்குட்டி உன்னைத் தேடுகிறது என்று நீளமான பேச்சு. பேசிப் பேசி அழுவேன்.

அந்தம்மா கையைத் தூக்கினார். டெக்காரர் நிறுத்தினார்.

“நீதான்னா, அத்தப் பேசு.”

நைனா என்னைப் பார்த்தார். அம்மா பார்த்தாள். நான் எழுந்து நின்று பேசினேன். தொண்டை கட்டின குரலில் ‘எழுந்திரும்மா’ என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. டெக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயரைச் சரிசெய்தார்.

“இன்னாமே இது? தகரத்துல ஆணி இழுத்தா மாரி கீது” என்றார் அந்தம்மா.

“அது என் கொரலு இல்லீங்க. வேற ஒரு அம்மா பேசுனாங்க.”

“மூஞ்சி பையன் மூஞ்சி. பேரு பையன் பேரு. கொரலு வேற பொம்பள கொரலு.” ஒவ்வொன்றாக விரலை மடக்கினார். “அப்ப நீ இன்னாதான் பண்ணே?”

தரகர் மெல்லுவதை நிறுத்தினார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொல்லாவிட்டால் எழுந்துவிடுவார்கள்.

“எண்ணுனேன்” என்றேன்.

“இன்னாது?”

“வசனம் எனக்கு வரலீங்க. அஞ்சு வயசு. நீட்டா இருந்திச்சி. ஒண்ணு ரெண்டு தெரியுமான்னு கேட்டாரு அசிஸ்டெண்டு. தெரியும்னேன். அப்ப எண்ணு, வாய் அசைஞ்சா போதும்னாரு. எண்ணுனேன்.”

நைனா நிமிர்ந்தார். அவருக்கும் இது தெரியாது. நான் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

“சத்தத்த மூடிட்டு வாயப் பாருங்க. ஒண்ணுலேந்து வரும். ஆனா பதினஞ்சு வராது. பதினாலு சொல்லிட்டு பதினாறு சொல்லுவேன். பால்வாடில அப்டித்தான் சொல்லிகினு இருந்தேன்.”

மாப்பிள்ளை எழுந்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பேசினார்.

“ரீவைண்டு பண்ணு மாமே. சவுண்ட கம்மி பண்ணு.”

“நீ இன்னாத்தடா பாக்கப்போறே?” என்றார் அவர் அம்மா.

“பிரஸ் ஷாப்புல நாங்க வேற இன்னாத்தம்மா பாக்கறோம்?”

அதைப் பிறகு அவர் எனக்கு விளக்கிச் சொன்னார். பத்துப் பிரஸ் சேர்ந்து அடிக்கிற இடம். கத்தினாலும் கேட்காது. தகடு வேண்டும், தண்ணீர் வேண்டும், விரலை எடு என்று எல்லாம் உதட்டிலேயே பேசிக்கொள்வார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் வாயைத்தான் பார்ப்பார்கள்.

டெக்காரர் சத்தத்தை அணைத்தார். மாப்பிள்ளை டி.வி. முன்னால் குந்தினார். குரல் இல்லாத என் வாய் அசைந்தது. வெளியே யாரோ தண்ணீர் பம்பு அடித்தார்கள்.

“ஒண்ணு” என்றார் மாப்பிள்ளை. “ரெண்டு. மூணு. நாலு.”

அவர் அக்கா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏழு. எட்டு. ஒம்போது. பத்து.”

நடுவில் படத்தில் நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் காத்திருந்தார்.

“பதினொண்ணு. பன்னண்டு. பதிமூணு. பதினாலு.” நிறுத்தினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “பதினாறு.”

டெக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். “அட, ஆமாம்பா. பதினாறு!”

“நான் சொன்னன்ல?” என்றார் தரகர். அவர் அதைச் சொல்லவே இல்லை.

அந்தம்மா, “திருப்பிப் போடு” என்றார். போட்டார்கள். மறுபடி போடு என்றார். மூன்றாம் தடவை அவரே வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். பதினான்குக்குப் பிறகு அவர் உதடு நின்றது. என் உதடு தாண்டிப் போனது.

நிரூபித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. அவர் கையை நீட்டி டி.வி.யை அணைத்தார்.

“ஒண்ணு ரெண்டுக்கா நான் அழுதேன்?”

டெக்காரர் டெக்கையும் நிறுத்தினார்.

“ஒம்போது தபா. பஸ்ஸுக்குக் காசு இல்லாம நடந்து போய் பாத்தேன். புள்ள தாயக் கூப்புடுதுன்னு அழுதேன். அது ஏழு எட்டுன்னு சொல்லிகினு இருந்திச்சா?”

“சினிமான்னா அப்டித்தாம்மா” என்றார் தரகர்.

“நீ சும்மா இரு அண்ணாத்தே. உனக்கு இன்னா தெரியும்?”

புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவர் மகளும் எழுந்தார். மாப்பிள்ளை மட்டும் டி.வி. முன்னால் குந்தியபடியே இருந்தார். நைனா கதவை விட்டு விலகி வழிவிட்டார். முன்பு இரண்டு தடவையும் ஊரார் சொல்லிப் போனது. இந்தத் தடவை நானே உண்மை சொல்லிப் போகிறது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

யாரும் கேட்காமல் நான் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன்.

“அழுதது நெஜங்க.”

அந்தம்மா வாசற்படியில் நின்றார்.

“கண்ணுல மருந்து போட்டிருப்பாங்க” என்றார்.

“இல்லீங்க. அந்தப் படத்துல மருந்து போடல. எனக்கு இருவது வரைக்கும்தான் தெரியும். இருவது வந்தா நிறுத்திடுவாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். இருவது வந்திச்சி. யாரும் நிறுத்தல. டைரக்டரு கட்டு சொல்லல. எல்லாரும் என்னியே பாத்துகினு நின்னாங்க. அடுத்து இன்னா வரும்னு எனக்குத் தெரியல. அழுதுட்டேன்.”

அந்தம்மா என்னைப் பார்த்தார். அதுவரை மூக்கு, காது என்று பார்த்தவர். இப்போது அப்படிப் பார்க்கவில்லை.

“போடு” என்றார் டெக்காரரிடம்.

“சவுண்டோடவா, சவுண்டு இல்லாமயா?”

“இல்லாம.”

நின்றபடியே பார்த்தார். மாப்பிள்ளை முணுமுணுத்தார். “பதினெட்டு. பத்தொம்போது. இருவது.”

இருபதுக்குப் பிறகு படத்தில் என் வாய் திறந்தே இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. கண் இடது பக்கம் போனது. அந்தப் பக்கம்தான் அசிஸ்டெண்ட் நின்றார். அவர் கையை ஆட்டினார், இன்னும், இன்னும் என்று. அது படத்தில் தெரியாது. எனக்குத் தெரியும். வாய் இரண்டு தடவை மூடித் திறந்தது. பிறகு முகம் முழுவதும் கோணிக்கொண்டது.

“இந்த எடந்தான்” என்றார் அந்தம்மா.

“இன்னாம்மா?” என்றார் மகள்.

“நான் அழுவுற எடம். பேசறப்பல்லாம் அழுவ மாட்டேன். ஒம்போது தபாவும் இங்கதான்.”

மறுபடி உட்கார்ந்தார். பிறகு அவர் தோள் ஆடியது. அழுகிறார் என்று அம்மா தண்ணீர் எடுக்க ஓடினாள். அழவில்லை. சிரித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“இருவதுக்கு மேல தெரியாமயா அழுதே? அடிப்பாவி! ஊரே உன்னால அழுதிச்சே!”

அவர் மகளும் சிரித்தார். அம்மா தண்ணீர் சொம்போடு நின்றாள். நைனா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிய நேரமாகும்.

அதற்குப் பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. செத்த அம்மாவாக நடித்தவர் மூச்சு விடாமல் எப்படிப் படுத்திருந்தார்? விட்டார், வயிற்றின் மேல் துணியை மடித்துப் போட்டிருந்தார்கள் என்றேன். ஆட்டுக்குட்டி யாருடையது? பாரிவாக்கத்தில் பால்காரர் வீட்டுடையது. அப்புறம் என்ன ஆனது? சாப்பிட்டுவிட்டார்கள். அந்தம்மா அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தார்.

“மத்தப் படத்துல எல்லாம் எப்டி அழுதே?” இதை மாப்பிள்ளை கேட்டார். நேராக என்னைக் கேட்டார். வாயைப் பார்த்துக்கொண்டே.

“இஸ்கூல்ல சேத்துட்டாங்க. இருவத்தொண்ணு கத்துகினேன். அதுக்கப்புறம் அழுகை வரல. கிளிசரின் போட்டாங்க.”

“எரியுமா?”

“எரியும்.”

“அதுக்கு வசனத்தக் கத்துகினு இருக்கலாம்ல?”

“யாரும் சொல்லித் தரலீங்க.”

அவர் தலையாட்டினார். எனக்கும் ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. விரலை எடு என்று உதட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று. அத்தனை பேர் முன்னால் கேட்கவில்லை.

டெக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஹீரோ இன்னும் பெருசாவே ஆவல. மிச்சம் பாக்கப்போறீங்களா, வேணாவா? ஆவடில ஒரு மஞ்சத்தண்ணி ஊடு கீது. அங்க மூணு படம் கேட்டுகீறாங்க.”

“எடுத்துகினு போ. நான் பாக்க வந்த ஆள பாத்துட்டேன்” என்றார் அந்தம்மா.

நைனா அதைக் கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று தரகரைப் பார்த்தார். தரகர் கையை விரித்தார். வந்த இடத்தில் சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். முன்பு வந்த இரண்டு இடத்திலும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு யாரும் வரவில்லை. அந்த வார்த்தைக்காக நான் சுவரோரம் நின்றேன்.

அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். அந்தம்மா என் அம்மா பக்கம் திரும்பினார்.

“வர்ற வெள்ளிக்கெழம பூ வைக்க வர்றோம்.”

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். முதலில் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

“எத்தினி பேரு வருவீங்க? சோறாக்கணும்ல.”

அந்தம்மா வாசலிலேயே நின்று விரலை மடக்கினார். “எங்க அண்ணன் ஊட்ல ஆறு. நாத்தனாருங்க ரெண்டு ஊடும் சேத்து பதினொண்ணு. தெருவுல கூப்புடாம வுட முடியாதவங்க எட்டு. நான், இவன், எம் பொண்ணு, மருமவன், பேத்தி. தரகரு ஒண்ணு.”

மாப்பிள்ளை கூட்டிச் சொன்னார்.

முப்பத்தொரு பேர்.